டெஸ்ட் கிரிக்கெட்டில் கேட்ச் சாதனைகள்: கொங்கு மைதானங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதப் போனால், ரன் கணக்கை யாரும் கேட்பதில்லை. அதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். வாக்குவாதம் மூளுவது கேட்ச் பற்றித்தான்: யார் அதிகம் பிடித்தது, எது கணக்கில் சேரும், எது சேராது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். நடப்பு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை தொடருக்குத் தொடர் மாறும் என்பதால், முடிந்துபோன கணக்குகளையே பெரும்பாலும் கொடுத்திருக்கிறேன்.

டெஸ்டில் அதிக கேட்ச் பிடித்த ஃபீல்டர் ராகுல் திராவிட்தானே?

2025 ஜூலை வரை அவர்தான். 164 டெஸ்டில் 210 கேட்ச். லார்ட்ஸில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில், பென் ஸ்டோக்ஸ் வீசிய பந்தில் கருண் நாயர் கொடுத்த கேட்சை முதல் ஸ்லிப்பில் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால், கீப்பரை அடுத்த இடம்) ஒற்றைக் கையால் பிடித்து, இங்கிலாந்தின் ஜோ ரூட் 211-ஐத் தொட்டார். புல்லோடு புல்லாக வந்த பந்து அது. சாதனையை முறியடிக்கிற கேட்ச் அப்படி அமைந்ததில் திராவிட் ரசிகர்களுக்குக்கூடக் குறை இருக்காது. ஸ்டீவ் ஸ்மித் அதே 2025-இன் தொடக்கத்தில் காலேயில் 200-ஐ எட்டினார். அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆஸ்திரேலியர் அவர்.

ஓய்வு பெற்றவர்களில் திராவிடுக்கு அடுத்து மஹேல ஜெயவர்தனே 205 (149 டெஸ்ட்), ஜாக் காலிஸ் 200 (166 டெஸ்ட்), ரிக்கி பாண்டிங் 196 (168 டெஸ்ட்), மார்க் வா 181 (128 டெஸ்ட்).

ஏபி டிவில்லியர்ஸ் 222 பிடித்திருக்கிறாரே, அவர் பெயரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அந்த 222-இல் ஏறக்குறையப் பாதி விக்கெட் கீப்பராகக் கையுறை போட்டுக்கொண்டு பிடித்தவை. ஃபீல்டர் கணக்கு வேறு, கீப்பர் கணக்கு வேறு. இரண்டையும் கூட்டினால் வருகிற எண் அவருடைய மொத்தக் கணக்கே தவிர, இந்தப் பட்டியலுக்கு உரியதன்று.

210 கேட்சில் திராவிடின் கைக்கு எவ்வளவு, பந்துவீச்சாளருக்கு எவ்வளவு?

இதைக் கேட்டவர் ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். லாபத்தில் யாருக்கு என்ன பங்கு என்று பார்த்துப் பழகிய கண். நல்ல கேள்வி.

அந்த 210-இல் 55 கேட்ச் அனில் கும்ப்ளேயின் பந்தில் வந்தவை. 51 ஹர்பஜன் சிங்கின் பந்தில். ஆகப் பாதிக் கணக்கு இரண்டே சுழற்பந்து வீச்சாளர்கள் மூலம் வந்திருக்கிறது. ஜெயவர்தனேயின் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவருடைய 205-இல் 77 முத்தையா முரளிதரனின் பந்தில். டெஸ்ட் வரலாற்றில் கீப்பர் அல்லாத ஒரு ஃபீல்டரும் ஒரு பந்துவீச்சாளரும் சேர்ந்து எடுத்ததில் இதற்கு இணையில்லை என்று ஓய்வு பெறும்போது சொல்லப்பட்டது. மார்க் டெய்லர் 157 பிடித்தார். அதில் 51 ஷேன் வார்னின் பந்தில்.

என் கருத்து இதுதான்: கேட்ச் சாதனை என்பது ஒரு மனிதரின் கையை மட்டும் அளக்கிற எண் அன்று. அவர் எந்த இடத்தில் நின்றார், அவருக்கு யார் வீசினார்கள், எத்தனை ஆண்டு அந்த இடம் அவரிடமிருந்து பறிக்கப்படாமல் இருந்தது, இந்த மூன்றும் சேர்ந்த எண். இதைச் சொன்னால் திராவிடைக் குறைத்துப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கும்ப்ளேயின் பந்து சுழலாமல் வேகமாக எகிறும். விளிம்பில் பட்டால் கண் இமைப்பதற்குள் ஸ்லிப்பைக் கடந்துவிடும். ஹர்பஜனின் பந்து வேறு கோணத்தில், வேறு உயரத்தில் வரும். இரண்டுக்கும் ஒரே ஆள் நின்று, நாள் முழுவதும் தொண்ணூறு ஓவர் குனிந்து நிமிர்ந்து, கடைசி மணி நேரத்தில் வருகிற ஒரே ஒரு பந்தைத் தவறவிடாமல் இருப்பது பொறுமைக்காரனால்தான் முடியும். அந்தப் பொறுமை திராவிடின் பேட்டிங்கிலும் இருந்தது என்பதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியானால் ஆட்டத்துக்கு எத்தனை கேட்ச் என்று பார்ப்பது நியாயமாக இருக்காதா?

இருக்கும். பார்த்தால் பட்டியலே புரண்டுபோகும். திராவிடுக்கு ஆட்டத்துக்கு 1.28. ஸ்டீபன் ஃபிளமிங்கிற்கு 111 டெஸ்டில் 171, அதாவது 1.54. ஆஸ்திரேலியாவின் பாபி சிம்ப்சன் 62 டெஸ்டில் 110 பிடித்தார்: 1.77. இவர்கள் எல்லோரையும் தாண்டி ஒரு மும்பைக்காரர் நிற்கிறார். ஏக்நாத் சோல்கர், 27 டெஸ்ட், 53 கேட்ச். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு.

சோல்கர் நின்ற இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பேட்ஸ்மேனின் காலடியில், ஷார்ட் லெக்கில், தலையில் ஹெல்மெட் இல்லாமல். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற சுழற்பந்து நால்வர் வீசிய காலம் அது. 1971-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 101-க்குச் சுருண்டது. சந்திரசேகர் 6 விக்கெட் எடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் இந்திய அணியைத் தொடர்ந்து தொல்லைப்படுத்திவந்த ஆலன் நாட், ஒரே ரன்னில் வெளியேறிய விதம் கவனிக்கத்தக்கது. பந்து மட்டையில் பட்டு முன்னால் தணிந்து விழுகிறது. சோல்கர் தரையோடு தரையாக முன்னே பாய்ந்து விரல்களை அடியில் கொடுத்துவிட்டார். அந்தக் கேட்சின் புகைப்படத்தில் அவர் உடல் முழுவதும் மண்ணில் கிடக்க, பந்து உள்ளங்கையில் இருக்கும். பந்துவீசியவர் நம் வெங்கட்ராகவன். இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் அது, முதல் தொடரும் அதுவே.

ஜான்டி ரோட்ஸ் எங்கே? உலகத்திலேயே சிறந்த ஃபீல்டர் என்று சொல்லி வளர்த்தார்களே!

52 டெஸ்டில் 34 கேட்ச். அவ்வளவுதான். அவர் நின்றது பேக்வர்ட் பாயிண்ட், பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால். அங்கே வருகிற பந்து பெரும்பாலும் தரையில் வரும். அவர் தடுத்த ரன்களுக்கு எந்த ஏட்டிலும் வரி கிடையாது. சிறந்த ஃபீல்டர் யார் என்ற கேள்விக்குக் கேட்ச் பட்டியலில் விடை தேடக் கூடாது என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி இல்லை.

ஒரே ஆட்டத்தில் அதிகம் பிடித்தது ரஹானேதானே?

பத்தாண்டுகள் அவர்தான். 2015-இல் காலேயில் இலங்கைக்கு எதிராக 8 கேட்ச். 2025 நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் எய்டன் மார்க்ரம் 9 பிடித்தார்: முதல் இன்னிங்ஸில் 5, இரண்டாவதில் 4. அந்த ஆட்டத்தை இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆகவே நம்மூரில் இந்தச் சாதனையைப் பற்றிப் பேசவே பலருக்கு மனமில்லை.

ஒரு இன்னிங்ஸில் 5 கேட்ச் என்பதுதான் ஃபீல்டர்களுக்கு உச்சம். முதலில் தொட்டவர் ஆஸ்திரேலியாவின் விக் ரிச்சர்ட்சன், 1936-இல் டர்பனில். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 1977-இல் பெங்களூரில் இங்கிலாந்துக்கு எதிராக யஜுர்விந்திர சிங் என்ற இளைஞர், தமது முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 5, ஆட்டத்தில் 7 என்று பிடித்து, இரண்டு உலக சாதனைகளையும் ஒரே ஆட்டத்தில் சமன் செய்தார். அவர் ஆடியது மொத்தமே 4 டெஸ்ட். கேட்ச் 11. சாதனைப் பட்டியலில் இவ்வளவு குறைந்த ஆட்டங்கள் ஆடி இவ்வளவு மேலே நிற்கிற பெயரை நான் வேறு கண்டதில்லை.

5 பிடித்தவர்களில் அசாருதீன் (கராச்சி, 1989), கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் (பெர்த், 1992), ஃபிளமிங் (ஹராரே, 1997), கிரேம் ஸ்மித் (பெர்த், 2012) ஆகியோரும் உண்டு. ஸ்ரீகாந்துக்கு அதுவே கடைசி டெஸ்ட். மட்டையைச் சுழற்றுகிறவர் என்று மட்டும் அவரை நினைவு வைத்திருப்பவர்கள், விடைபெற்ற ஆட்டத்தில் அவர் கைகள் என்ன செய்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு தொடரில்?

ஜாக் கிரிகரி, ஆஸ்திரேலியா, 1920-21 ஆஷஸ், 15 கேட்ச். நூறு ஆண்டைத் தாண்டிய சாதனை. 2018-இல் இங்கிலாந்தில் கே.எல்.ராகுல் 14 வரை வந்து நின்றார்.

தமிழ்நாட்டுக்காரர் யாராவது? கொங்குநாட்டுக்கு ஏதாவது?

வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 44 கேட்ச் பிடித்தார். பந்துவீசாத நேரத்தில் ஸ்லிப்புகளை அடுத்த கல்லியில் நிற்பார். பிற்காலத்தில் 73 டெஸ்டுகளுக்கு நடுவராகவும் நின்றார்.

கொங்குநாட்டுக்கு வந்தால், சேலம் சின்னப்பம்பட்டியின் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் பெயரில் ஃபீல்டிங் சாதனை எதுவும் இல்லை. ஆனால் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் ஆடிய டெஸ்டின் முதல் இன்னிங்ஸ் ஸ்கோர்கார்டில் இரண்டு வரி இருக்கிறது. மேத்யூ வேட், பிடித்தவர் ஷர்துல் தாக்கூர், வீசியவர் நடராஜன். மார்னஸ் லபுஷேன், பிடித்தவர் ரிஷப் பந்த், வீசியவர் நடராஜன். சின்னப்பம்பட்டியின் பெயரை டெஸ்ட் ஏட்டில் எழுத இரண்டு பேரின் கை தேவைப்பட்டது. மூன்றாவது விக்கெட்டாக ஹேசில்வுட்டை யார் தயவும் இல்லாமல் போல்டாக்கினார். ஊரில் அவர் அமைத்த மைதானத்தை 2023-இல் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார்.

கோவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2022-இல் துலீப் கோப்பை இறுதி ஆட்டம் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தபோது, மேற்கு மண்டல அணியின் கேப்டனாக ரஹானே வந்திருந்தார். எதிரணி பேட்ஸ்மேனிடம் வாய்விட்டுக்கொண்டிருந்த தம் அணியின் ஜெய்ஸ்வாலை அவர் மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பிய சம்பவம் அந்த ஆட்டத்தில்தான் நடந்தது. காலேயில் 8 கேட்ச் பிடித்த மனிதர் கோவையில் நிற்கிறார் என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் பேசவே இல்லை.

தவறவிட்ட கேட்ச் எங்கே எழுதப்படுகிறது?

அதிகாரப்பூர்வ ஸ்கோர்கார்டில் எங்கும் இல்லை. பிடித்தது மட்டும்தான் ஏறும்; கோட்டைவிட்டது ஆட்டம் பார்த்தவர்களின் நினைவில் கிடக்கும். 1990-இல் லார்ட்ஸில் கிரஹாம் கூச் 36 ரன்னில் இருந்தபோது கிரண் மோரே ஒரு கேட்சை விட்டார். கூச் 333 எடுத்தார். ஸ்கோர்கார்டில் 333 இருக்கிறது, 36 இல்லை.

நடராஜனின் அந்த பிரிஸ்பேன் டெஸ்டிலும் இப்படி ஒன்று உண்டு. லபுஷேன் 37-இல் இருந்தபோது நவ்தீப் சைனியின் பந்தில் கல்லிக்கு வந்த கேட்சை ரஹானே தவறவிட்டார். ஆம், 8 கேட்ச் பிடித்த அதே ரஹானே. சைனி அந்தப் பந்திலேயே தொடை இடுக்கில் பிடிப்பு ஏற்பட்டு வெளியேறினார். லபுஷேன் 108 வரை போய்ப் பிறகு நடராஜனிடம் விழுந்தார்.

என் ஏட்டில் தவறவிட்ட கேட்சுக்கு ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பேட்ஸ்மேனின் அப்போதைய ரன்னைக் குறித்துவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் அணியினர் வந்து அந்தப் புள்ளிகளைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். அழித்துவிடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அழிப்பதில்லை.

விக்கெட் கீப்பர்களில் யார் முதலிடம்?

தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர். 147 டெஸ்டில் 555 பேரை வெளியேற்றியிருக்கிறார்: 532 கேட்ச், 23 ஸ்டம்பிங் (கிரீஸை விட்டு வெளியே வந்த பேட்ஸ்மேனைக் கீப்பர் ஸ்டம்பைத் தட்டி வெளியேற்றுவது). 2012-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின் பயிற்சி ஆட்டத்தில், போல்டான பந்தில் தெறித்த பெயில் (ஸ்டம்புகளின் மேல் வைக்கிற சிறு கட்டை) இடது கண்ணில் பாய்ந்து அவருடைய ஆட்டத்தையே முடித்துவிட்டது. அப்போது எல்லா வகைச் சர்வதேச ஆட்டங்களையும் சேர்த்து அவர் கணக்கு 999. ஆயிரத்துக்கு ஒன்று குறைவு. கீப்பர்கள் ஸ்டம்புக்கு அருகில் நிற்கும்போது ஹெல்மெட் அணிய வேண்டும் என்று நான் பையன்களிடம் தொல்லை கொடுப்பதற்குக் காரணம் இந்தச் சம்பவம்தான்.

அடுத்து கில்கிறிஸ்ட் 416, இயன் ஹீலி 395, ராட் மார்ஷ் 355. இந்தியாவில் தோனி 90 டெஸ்டில் 294: 256 கேட்ச், 38 ஸ்டம்பிங். ஜோடி என்று பார்த்தால் ராட் மார்ஷ் பிடித்து டென்னிஸ் லில்லி வீசியது 95 முறை. ஒரே ஆட்டத்தில் 11 கேட்ச் மூன்று பேருக்கு உண்டு: ஜாக் ரஸ்ஸல் (ஜோகன்னஸ்பர்க், 1995), டிவில்லியர்ஸ் (அதே ஊர், 2013), ரிஷப் பந்த் (அடிலெய்டு, 2018).

ஸ்டம்பிங் சாதனை ஏன் இவ்வளவு பழையதாக இருக்கிறது?

பெர்ட் ஓல்ட்ஃபீல்டு 54 டெஸ்டில் 52 ஸ்டம்பிங் செய்தார். 1937-க்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவில்லை. சாதனை இன்னும் நிற்கிறது. காரணம் எளிது. அன்றைய ஆடுகளங்கள் மழைக்கு மூடப்படாதவை, சுழற்பந்து அதிகம் வீசப்பட்டது, பேட்ஸ்மேன்கள் கிரீஸை விட்டு இறங்கி வந்து ஆடினார்கள். இன்று வேகப்பந்துக்குத் தொலைவில் நிற்கிற கீப்பருக்கு ஸ்டம்பிங் எங்கிருந்து வரும்?

ஓர் ஆட்டத்துக்கான சாதனை மட்டும் நம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1988 பொங்கல் சமயத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கிரண் மோரே 6 ஸ்டம்பிங், அதில் 5 ஒரே இன்னிங்ஸில். முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த ஆட்டம். லார்ட்ஸில் கூச்சை விட்ட அதே மோரேதான்.

மாற்று ஃபீல்டர் பிடித்தால் யார் கணக்கு?

பந்துவீச்சாளருக்கு விக்கெட் உண்டு. பிடித்தவருக்குச் சாதனைக் கணக்கில் எதுவும் சேராது. 1983-இல் அகமதாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் குர்ஷரண் சிங் மாற்று ஆளாக இறங்கி 4 கேட்ச் பிடித்தார். ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர் அப்போது. பிறகு 1990-இல் ஆக்லாந்தில் ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது.

பந்துவீசியவரே பிடித்தால்?

விக்கெட்டும் அவருக்கு, கேட்சும் அவருக்கு. கும்ப்ளேயும் முரளிதரனும் இப்படித் தலா 35 முறை எடுத்திருக்கிறார்கள்.

கேட்ச் விதிகளில் என்னென்ன மாறியிருக்கின்றன? ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை.

சுருக்கமாக. ஃபீல்டரின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்தால், 2017 முதல் அவுட். கேட்ச் பிடிப்பதற்குள் பேட்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தாலும், 2022 அக்டோபர் முதல் புதிதாக வருகிறவரே அடுத்த பந்தை ஆட வேண்டும் (ஓவர் முடிந்திருந்தால் ஒழிய). எங்கள் வட்டாரத்தில் பாதிச் சண்டை இதில்தான். பழைய விதியே நடப்பில் இருப்பதாகப் பலர் இன்னும் நம்புகிறார்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே துள்ளித் துள்ளிப் பந்தைத் தட்டுகிற வித்தைக்கு 2025 ஜூனில் கட்டுப்பாடு வந்தது: வெளியே போனவர் காற்றில் இருந்தபடி ஒரு முறைதான் தொடலாம், பிறகு உள்ளேதான் இறங்க வேண்டும். சந்தேகமான கேட்சில் களநடுவர் தம் ஊகத்தைச் சொல்லி மூன்றாம் நடுவரிடம் அனுப்புகிற வழக்கம் 2023 ஜூனில் நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில் உயரக் கேட்ச் எல்லாம் தவறுகிறதே, என்ன செய்வது?

இதற்கு டெஸ்ட் ஏட்டில் விடை இல்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கேட்க வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசுகிற காற்றுக்குக் காற்றாலையே சுழல்கிறது, பந்து எம்மாத்திரம். கிரிக்கெட் ஆடுகளம் வழக்கமாக வடக்கு தெற்காகப் போடப்படுவதால், காற்று குறுக்கே அடிக்கும். மேலே போன பந்து ஏறும்போது நேராகத்தான் தெரியும்; உச்சியில் வேகம் இழந்து நிற்கிற அந்தக் கணத்தில் காற்று அதை எடுத்துக்கொண்டு கிழக்கே தள்ளும். பையன் பந்துக்கு நேர் கீழே ஓடிப்போய், கைகளைக் குவித்து, “எனக்கு” என்று கத்திவிட்டு நிற்பான். பந்து அவன் தோளுக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தள்ளி விழும்.

மேற்கே இருப்பவர் கத்தக் கூடாது. கிழக்கே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும். பந்து முன்னால் விழுகிற மாதிரி, காற்று வருகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். முன்னே இரண்டு எட்டு வைப்பது எளிது, பின்னே சாய்வது கடினம். காலணி முனையைப் புழுதியில் தேய்த்து, தூசி எந்தப் பக்கம் போகிறது என்று ஓவருக்கு ஓவர் பார்க்கிற லாங் ஆன் ஃபீல்டர் ஒருவரை உடுமலைப்பேட்டைப் பக்கம் பார்த்திருக்கிறேன். அவர் விட்டதாக என் ஏட்டில் புள்ளி அநேகமாக விழாது.

எங்கள் அணியில் ஸ்லிப் நிறுத்தலாமா?

டென்னிஸ் பந்து என்றால் வேண்டாம். விளிம்பில் பட்ட பந்து மெத்தென்று கீழே விழும். அந்த ஆளை பாயிண்டுக்கு அனுப்புங்கள். சிமென்ட் தளத்தில் விரிப்புப் போட்டுத் தோல் பந்தில் ஆடினால் நிறுத்தியே தீர வேண்டும், பந்து நன்றாக எழும்பும். முதல் ஸ்லிப்பில் நிற்பவர் பந்துவீச்சாளரின் கையிலிருந்தே பந்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். இரண்டாவது ஸ்லிப்பும் கல்லியும் மட்டையின் விளிம்பைப் பார்க்கட்டும். பந்து வீசப்படுவதற்கு முன்பே நிமிர்ந்துவிடாதீர்கள். குனிந்தவர் நிமிர்வது சுலபம், நிமிர்ந்தவர் குனிவதற்குள் பந்து போய்விடும். விரல்கள் தரையைப் பார்க்கட்டும், கை இறுக வேண்டாம். அப்புறம், ஒரே ஆளை அந்த இடத்தில் பருவம் முழுவதும் விடுங்கள். இரண்டு கேட்ச் விட்டவுடன் கேப்டனின் மச்சானைக் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கம் இங்கே அதிகம். அவரும் விடத்தான் செய்வார்.